மங்கம்மாளின் கடல் வேட்டை

மங்கம்மாளுக்கு உலகத்தில் ஒரே ஒரு குறைதான். கேட்காதவர்களைக்கூட நிறுத்தி வைத்து அதைச் சொல்வாள். புதூர்நாட்டுப் பக்கம் அவள் ஊரில், தை மாதம் ஆண்கள் வேட்டைக்குப் போய்க் கொண்டுவரும் கறியை வீட்டுக்கொரு பங்காகப் பிரிப்பார்கள். வேட்டைக்கு ஆள் அனுப்பாத வீட்டுக்கு அரைப் பங்கு. புருஷன் செத்துப்போன வருஷத்திலிருந்து அவளுக்கு அரைதான்.

"கொல்லையில பாடுபடுறேன், புளி உலுக்குறேன், மாரியம்மன் கோயிலுக்கு முழு வரி குடுக்கிறேன். கறின்னு வந்தா மட்டும் நான் பாதி ஆளா?" என்று பொரிந்து தள்ளுவாள். ஒண்டிக்கட்டைக்கு எவ்வளவு கறி வேண்டும்? கறி அல்ல, அந்த 'அரை' என்ற சொல்தான் அவளைக் குடைந்தது.

ஊர்க்கவுண்டர் கோபால்சாமி தங்கமான மனுஷன். வழக்கம் என்று வந்துவிட்டால் மட்டும் கல்லுப் பிள்ளையார். "ஊருக்கு வேட்டை கொணாந்து, எல்லா வூட்டுக்கும் பங்கு போட்ற வூடுதான் முழு வூடு" என்பார். அதற்குமேல் அவரிடம் பேச்சு நகராது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்திரண்டு வாக்கில், புதுச்சேரியில் கட்டட வேலை பார்த்த அவள் தம்பிக்குப் பெண் பிறந்தது. பார்க்கப் போனவளைத் தம்பி கடற்கரைக்குக் கூட்டிப்போனான். எல்லோரும் கடலைப் பார்த்து வாயைப் பிளப்பார்கள். இவளோ, "இத்தினி தண்ணி இருந்து ஒரு கொல்லைக்குப் பாய்ச்ச முடியாதா?" என்று அதைத் திட்டிக்கொண்டே மணலில் நடந்தாள். காலில் எதுவோ குத்தியது.

பலாப்பிஞ்சு அளவில், உடம்பெல்லாம் முள்ளாக, வெயிலில் காய்ந்து உப்பிக் கிடந்தது அது. மலைக்காரிக்குச் சந்தேகமே வரவில்லை. "டேய், கடல்லயும் முள்ளம்பன்றி இருக்குதுடா!" என்று கத்தினாள்.

பக்கத்தில் வலை உதறிக்கொண்டிருந்த மீனவப் பெண் விழுந்து விழுந்து சிரித்தாள். "அது பேத்தை மீனும்மா. வெஷம். ஆக்கித் தின்னுடாதே, குடும்பத்தோட போய்ச் சேருவீங்க."

வேறொருத்தியாக இருந்தால் அங்கேயே போட்டிருப்பாள். மங்கம்மாளுக்குக் கண்ணில் பட்டது விஷம் அல்ல, வேட்டை. பழம்புடவையில் சுற்றி எடுத்துக்கொண்டாள். திருப்பத்தூர் வரை பஸ்ஸில் மடியிலேயே வைத்திருந்தாள். அங்கிருந்து ஜீப்பில் ஏறியபோது, புளி வாங்க மலைக்கு வந்த வாணியம்பாடி வியாபாரி அவள் பக்கமாக நெருங்கி உட்கார்ந்து, முள் குத்தி 'யா அல்லா' என்று துள்ளித் தலையை இடித்துக்கொண்டார். வழிநெடுக அவளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

ஊர் போய்ச் சேர்ந்ததும் நேரே ஊர் கூடும் மந்தைக்குப் போய், நடுவில் இருந்த கல்லின்மேல் அதை வைத்தாள். ஊரே கூடிவிட்டது.

"இன்னா அண்ணி, புடவை கட்டிக்கினு வேட்டையா?" என்றான் அவள் கொழுந்தன் காசி.

"ஆமாண்டா, கடல் வேட்டை. மாமா, பங்கு போடச் சொல்லுங்க" என்றாள் கவுண்டரிடம்.

முள்ளைப் பார்த்து எல்லோரும் முள்ளம்பன்றி என்றே நினைத்தார்கள்; அந்தக் கறியின் ருசி தெரிந்த ஊர் அது. கவுண்டர் தலையசைக்கும் முன்பே காசி கத்தியோடு வந்துவிட்டான். அப்போதுதான் மங்கம்மாளுக்கு அந்த மீனவப் பெண் சொன்னது உறைத்தது. விஷம் என்று சொன்னால் பங்கு கிடையாது. பங்கு இல்லாவிட்டால் அவள் வீடு என்றைக்கும் அரை வீடுதான். சொல்லாமல் இருந்தால்? கத்தி மீனின் வயிற்றில் பட்டது.

"வுடுடா கத்தியை! அது வெஷம்!"

மந்தையே கொல்லென்று சிரித்தது. "திங்க ஒதவாத வேட்டைக்குப் பங்கு வேறயா!" என்று காசி குதித்தான். கவுண்டரும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார்.

அவமானத்தில் மங்கம்மாளுக்குக் காதெல்லாம் சுட்டது. ஆனால் அழுகிற ஜாதி இல்லை அவள். கத்தியைப் பிடுங்கி, முதுகு முள்ளை ஒவ்வொன்றாகக் கெல்லி எடுத்தாள். "உக்காருங்க மாமா. வூட்டுக்கு ஒரு முள்ளு. ஒரு வூடு வுட்டுப் போச்சுன்னா கேளுங்க. வழக்கப்படி, கொணாந்தவளுக்குத் தலை."

கவுண்டர் நின்று பார்த்தார். எந்த வீட்டையும் அவள் விடவில்லை. காசிக்கும் ஒன்று கொடுத்தாள். கவுண்டர் தன் முள்ளை வாங்கித் தலைப்பாகையில் செருகிக்கொண்டார்.

"அவ வாயைத் திறக்காம இருந்திருந்தா, கறியாவே பங்கு போட்டு முழு வூடாயிருப்பா. நாம எல்லாரும் மண்ணுக்குள்ள போயிருப்போம்" என்றார். "எழுதிக்கோங்கடா. மங்கம்மா வூடு முழு வூடு." எழுதத்தான் அங்கே யாருக்கும் தெரியாது, ஆனாலும் அவர் சொன்னால் சொன்னதுதான்.

தை பிறந்தது. வேட்டையிலிருந்து திரும்பிய காசி மந்தார இலைப் பொட்டலத்தை நீட்டி, "முழுப் பங்கு அண்ணி" என்றான். மங்கம்மாள் அதைக் கையில் ஏந்திக் கனம் பார்த்தாள். கண் கலங்கியது, புகை என்று சொல்ல அடுப்பும் மூட்டியிருக்கவில்லை. அழுதுவிட்டாள்.

துடைத்துக்கொண்டவள், அவன் கையில் இருந்த இன்னொரு சின்னப் பொட்டலத்தைப் பார்த்தாள்.

"அது யாருக்குடா?"

"திரௌபதிக்கு. அவ வூட்லயும் ஆம்பளை இல்லியே. அரைப் பங்கு."

"கவுண்டர்கிட்ட போய்ச் சொல்லு. மாசி பொறந்ததும் திரௌபதியையும் இட்டுக்கினு நான் மறுபடி கடல் வேட்டைக்குப் போறேன்."

காசி ஊரெல்லாம் சொல்லிவிட்டான். பொழுது சாய்வதற்குள், திரௌபதி வீட்டுக்கு மீதி அரைப் பங்கும் போய்ச் சேர்ந்தது.