இடது நாலு, வலது ஆறு

எனக்கு ஏழு வயது இருக்கும்போது, சூலூரிலிருந்து அம்மா என்னை டவுன் பஸ்ஸில் கோயமுத்தூருக்கு, டவுன்ஹால் பக்கம் ஒரு செருப்புக் கடைக்குக் கூட்டிப் போனாள். கைக்குழந்தையாக இருந்தபோது வந்த போலியோவில் என் இடது கால் சூம்பிவிட்டது. பாதமும் வலதைவிட இரண்டு சைஸ் சின்னது.

"ஏனுங்க பாய், ரெண்டு சைஸுலயும் ஒவ்வொண்ணு குடுக்க மாட்டீங்களா?" என்று அம்மா கடைக்காரரிடம் கேட்டாள்.

"கம்பெனிலருந்து பேராத்தான் வருதுங்கம்மா. பேர் இல்லாம எப்படிக் குடுக்கறது?"

என் பேரைத்தான் கேட்கிறார் என்று நினைத்து, பெஞ்சிலிருந்து எழுந்து நின்று, இனிஷியலோடு முழுப்பேரையும் சொன்னேன். கடையில் இருந்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள். பாய் மட்டும் சிரிக்கவில்லை. "நல்ல பேருதான் கண்ணு" என்றார். ஜோடிக்கு இங்கிலீஷில் அப்படிச் சொல்வார்கள் என்று ராத்திரி சாப்பிடும்போது அப்பா விளக்கினார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

அன்றிலிருந்து எப்போது வாங்கினாலும் ஒரே மாதிரியில் இரண்டு பேர். மீதமாகும் வலது சின்னதையும் இடது பெரியதையும் அம்மா ஒரு மஞ்சள் பையில் போட்டு அட்டாலியில் ஏற்றிவிடுவாள். "புதுசு, யாருக்காச்சும் ஆகும்" என்பாள். யாருக்கு ஆகும் என்று நாங்கள் கேட்டதில்லை.

ஒன்பதாம் வகுப்பில் அந்தச் சொல் மறுபடி வந்தது. கத்தரிக்கோல் ஒன்றுதான், ஆனாலும் இங்கிலீஷில் அது ஒரு பேர் என்றார் டீச்சர். பேன்ட் ஒன்றுதான், அதுவும் பேர். மூக்குக் கண்ணாடியும் பேர். நான் கை தூக்கி, "வேற வேற சைஸ்ல ரெண்டு செருப்பு இருந்தா, அது பேரா டீச்சர்?" என்று கேட்டேன். அவர் என் காலைப் பார்க்காமல் இருக்கச் சிரமப்பட்டது தெரிந்தது. "கிராமர்ல அது இல்லையே கண்ணு" என்றார்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நான் டைப்ரைட்டிங் முடித்துவிட்டு, மோட்டார் உதிரி பாகம் செய்கிற ஒரு கம்பெனி ஆபீசில் வேலைக்குச் சேர்ந்தேன். வீட்டில் மாப்பிள்ளை பார்க்க ஆரம்பித்தார்கள். ராசிப் பொருத்தம் சரியாக இருக்கும், பேர்ப் பொருத்தமும் சரியாக இருக்கும். வந்தவர்கள் பஜ்ஜி சாப்பிட்டு முடித்ததும் யாராவது ஒருவர் மெதுவாக, "பொண்ணைக் கொஞ்சம் நடந்து காட்டச் சொல்லுங்க" என்பார். நான் சமையல்கட்டிலிருந்து வாசல் வரைக்கும் நடப்பேன். அத்தோடு சரி. பிறகு தகவலே வராது.

எங்கள் வீட்டில் போன் கிடையாது. பக்கத்து வீட்டு நம்பரைத்தான் எல்லாருக்கும் கொடுத்திருந்தோம். ஒரு சனிக்கிழமை சாயங்காலம் அந்த வீட்டு அக்கா மூச்சிரைக்க ஓடி வந்தார்.

"கோயமுத்தூர்லருந்து போனுங்க. யாரோ ஒரு பாய். உங்க புள்ளைக்கு ஜோடி கெடச்சிருச்சு, நாளைக்கே கூட்டிட்டு வாங்கன்னு சொல்றாரு."

அம்மா கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்தாள். அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு போய் ரிசீவரை வாங்கினார். திரும்பி வரும்போது அவருக்குச் சிரிப்பதா வருத்தப்படுவதா என்று தெரியவில்லை. தொண்டாமுத்தூரிலிருந்து ஒரு பெண் அந்தக் கடைக்கு வந்திருக்கிறாள். அவளுக்கு வலது கால் நாலு, இடது கால் ஆறு. எனக்கு நேர் எதிர். ஞாயிற்றுக்கிழமை அவளை மறுபடி வரச் சொல்லியிருக்கிறார் பாய்.

நான் வரமாட்டேன் என்றேன். என்னைப் போலவே இன்னொருத்தி நடந்து வருவதைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. அம்மா ஏணியை எடுத்துவந்து அட்டாலியிலிருந்து மஞ்சள் பையை இறக்கினாள். காலையில் என்னையும் கிளப்பிவிட்டாள்.

அவள் எங்களுக்கு முன்பே வந்து கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். தனியாகத்தான் வந்திருந்தாள். என் வயதுதான் இருக்கும். நான் உள்ளே நுழைந்ததும் என் முகத்தைப் பார்க்கவில்லை, நேராகக் காலைப் பார்த்தாள்.

"நீங்கதானுங்களா அந்த நாலு ஆறு?"

அதுவரை அப்படி யாரும் என்னைக் கேட்டதில்லை. நான் கால் மறையும்படி சேலையை இழுத்துவிட்டபடி தலையாட்டினேன். அம்மா பையைப் பிரித்தாள். ஐந்தாறு வருஷத்து மிச்சம் அதில் இருந்தது. அவள் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தாள், அத்தனையும் பொருந்தின. "என்ற ஊட்டுலயும் இப்படி ஒரு பை நிறைய இருக்குதுங்க, அடுத்த வாட்டி கொண்டாறேன்" என்றாள். அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "போட்டுக்க அம்மணி, எல்லாமே உனக்குத்தான்" என்றாள்.

புதுசு வாங்கும்போதுதான் சிக்கல் வந்தது. இருவரும் ஒரே மாடல் எடுத்தால்தான் மாற்றிக்கொள்ள முடியும். எனக்கு ஆபீசுக்குப் போடக் கறுப்பு வேண்டும். அவளுக்குத் தோட்டத்து மண் பட்டாலும் அழுக்குத் தெரியாத காப்பிக்கலர் வேண்டும். அரைமணி நேரம் வாதாடினோம். கடைசியில் காப்பிக்கலர்தான் ஜெயித்தது. பாய் இரண்டு பெட்டிகளையும் பிரித்து, மாற்றி அடுக்கி, ஆளுக்கு ஒன்றாகக் கட்டிக் கொடுத்தார்.

அப்புறம் பொங்கலுக்கும் தீபாவளிக்கும் முன்னால் அந்தக் கடையில் சந்திப்பது வழக்கமாகிவிட்டது. வாங்கி முடித்ததும் எதிரே இருந்த பேக்கரியில் டீயும் தேங்காய் பன்னும் சாப்பிடுவோம். அவள் நிறையப் பேசுவாள். மலையிலிருந்து யானை இறங்கி வாழையை மிதித்துவிட்டுப் போன கதையைச் சொல்வாள். "எல்லாரும் ஓடுவாங்க, நா எங்க ஓடறது? ஊட்டுக்குள்ள நின்னு தகரத்தைத் தட்டுவேன்" என்பாள். ஒரு தடவை கோயிலில் அவள் செருப்பு காணாமல் போய்விட்டது. தேடினால் இருபது அடி தள்ளிக் கிடக்கிறது. "எடுத்தவன் காலை நொழைச்சுப் பாத்துப்போட்டு, பயந்து போயிட்டானாட்ட இருக்குது." சொல்லிவிட்டு அவள் சிரித்த சிரிப்பில் பேக்கரியே திரும்பிப் பார்த்தது. நானும் சிரித்தேன். என் காலை வைத்து நான் சிரித்தது அதுதான் முதல் தடவை.

அவளுக்குக் கல்யாணம் நிச்சயமானதையும் அங்கேதான் சொன்னாள். மாப்பிள்ளை மோட்டார் ரீவைண்டிங் கடை வைத்திருந்தார்.

"பொண்ணு பாக்க வந்தாங்களா, அவங்க கேக்கறதுக்கு முன்னாடியே நா ரெண்டு தடவை நடந்து காட்டிப்போட்டேன். இன்னொரு தடவை நடக்கட்டுங்களான்னும் கேட்டேன். அவருக்குச் சிரிப்பு வந்துருச்சு."

கல்யாணத்துக்குத் தங்கக்கலர் செருப்புதான் வேண்டும் என்றாள். அதைப் போட்டுக்கொண்டு போக எனக்கு ஒரு இடமும் இல்லை. இருந்தாலும் வாங்கினேன். அவளுடைய மண்டபத்துக்கே போட்டுக்கொண்டு போனேன். அடுத்த மாதம் என்னைப் பார்க்க வந்தவர்கள் முன்னால், யாரும் கேட்கும் முன்பே நானும் நடந்தேன். அந்த இடமும் அமையவில்லை. ஆனால் அன்றைக்கு நான் அழவில்லை. மீதியிருந்த பஜ்ஜியை உட்கார்ந்து சாப்பிட்டேன்.

அவளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. ஒன்றரை வருஷம் கழித்து, தீபாவளிக்கு முன்னால் குழந்தையோடு கடைக்கு வந்தாள். பாய் பழக்கப்படி நாலும் ஆறும் எடுத்துப் போட்டார். அவள் காலை நுழைத்தாள், நுழையவில்லை. பிள்ளை பெற்றதில் பாதம் பெருத்துவிட்டது. அளந்து பார்த்தால் ஐந்தும் ஏழும்.

பாய் நாலையும் ஆறையும் திரும்பப் பெட்டிகளில் வைத்தார். "போச்சாது போங்க, போனாப் போகுது" என்றாள் அவள். சொல்லும்போது குரல் இறங்கியிருந்தது. "இனி ஆளுக்கு ரெண்டு பேர் வாங்க வேண்டியதுதான். அதுக்குன்னு நீங்க வராம இருந்துடாதீங்க."

"கறுப்பு எடுக்கப் போறேன்" என்றேன் நான். அவள் என் தோளில் ஒரு அடி போட்டாள்.

பாய் அலமாரிக்குள் கைவிட்டு, நடந்தால் கீச் கீச் என்று சத்தம் வரும் குட்டி ஷூ ஜோடி ஒன்றை எடுத்து வந்து குழந்தைக்கு மாட்டினார். அவள் குனிந்து, இரண்டு ஷூவின் நுனியையும் விரலால் அமுக்கிப் பார்த்தாள். "சொட்டு மருந்து எல்லாம் தவறாம ஊத்தியாச்சு" என்று யாரும் கேட்காமலே சொன்னாள்.

குழந்தை ஒரு அடி வைத்தது. சத்தம் வந்ததும் திடுக்கிட்டு நின்றது. இன்னொரு அடி வைத்தது. பிறகு சத்தத்தின் ருசி தெரிந்து, வாசலைப் பார்த்து ஒரே ஓட்டமாக ஓட ஆரம்பித்தது. நானும் அவளும் பெஞ்சிலிருந்து எழுந்திருப்பதற்குள் அது பாதிக் கடையைத் தாண்டிவிட்டது.

"ஐயோ, புடிங்க பாய்!" என்று இருவரும் ஒரே நேரத்தில் கத்தினோம். வயதாகியிருந்தும் பாய், அடுக்கியிருந்த பெட்டிகளைத் தாண்டிக் குதித்து ஓடினார்.