தையற்கடை விலாசம்

பொகவந்தலாவை பஜாரில் தையற்கடை வைத்திருந்த அந்த முஸ்லிம் பெரியவர், வாயில் குண்டூசிகளைக் கவ்விக்கொண்டேதான் பேசுவார். விழுங்கிவிடுவாரோ என்று எனக்கு எப்போதும் பயம்.

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் நோயாளிகளை ரோட்டு வரைக்கும் தூக்கிப்போக ஒரு சங்கம் தொடங்கினோம். இரண்டு மூங்கில், நான்கு சாக்கு, அவ்வளவுதான் முதல். சாக்கைச் சும்மா தைத்துக் கொடுத்தவர் அவர்தான். பதியாத சங்கம் தோட்டத்துக்குள் கூடாது என்று தோட்டத்தை நடத்தும் துரை தடுத்தார். பதியப் போனால், அரசாங்கக் கந்தோரில் மனுவையே திருப்பித் தந்தார்கள்.

"நாங்க குடியிருக்கிற லயத்துக் காம்பரா தோட்டத்துச் சொத்தாம் நானா. அது விலாசமே இல்லையாம். துரைகிட்ட கடுதாசி வாங்கிட்டு வரணுமாம்" என்றேன்.

அவர் ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் வைத்தார்.

"பொறக்கவும் சாகவும் அந்தக் காம்பரா போதும், ஒரு கடுதாசி வாறதுக்குப் போதாதாமா? என்ட கடை விலாசத்தப் போடுங்க!"

"துரை பங்களா ஆளுங்க உடுப்பெல்லாம் நீங்கதானே தைக்கிறீங்க? துரை நிப்பாட்டிருவாரே..."

"நிப்பாட்டட்டும். துரைட கோட்டுக்குப் பொத்தான் தச்சே என்ட கண்ணு போச்சு."

சங்கம் பதிவாயிற்று. நான் பயந்தபடியே பங்களாத் துணி ஹட்டன் தையற்கடைக்குப் போயிற்று. மூன்று தலைமுறையாக லயத்தில் கிடக்கும் எங்களுக்கு ஒரு விலாசம் கிடைக்க, லயத்தில் சொந்தமென்று யாருமே இல்லாத ஒருவர் பிழைப்பை இழக்க வேண்டுமா?

சங்கத்துக்கு முதல் கடிதம் வந்தபோது அவர் அதைப் பிரிக்கவில்லை. வாயில் ஊசிகளோடு என்னிடம் நீட்டினார்.

"உங்கட வீட்டுக் கடுதாசி. நீங்கதான் பிரிக்கணும்."