தூக்க ஊசி

திருவொற்றியூரில் ஒரு தொழிற்சாலையின் முதலுதவி அறையில் ஒன்பது வருஷம் நர்ஸாக இருந்தேன். அறுபதுகளின் கடைசியில் சேர்ந்தவள். டாக்டர் செவ்வாயும் வெள்ளியும் மட்டும் வருவார். மற்ற நாட்களில் அந்த அறையில் நான் வைத்ததுதான் சட்டம். அந்தத் திமிரும் எனக்கு நிறைய இருந்தது.

அங்கே வருகிறவர்களில் பாதிப் பேருக்கு உடம்பு தடித்துச் சிவந்திருக்கும். சிலருக்கு ரசாயனத் தூசி, சிலருக்கு ஆகாத மீன். அலர்ஜிக்கென்று ஒரு ஊசி வைத்திருந்தோம். போட்ட கொஞ்ச நேரத்தில் அரிப்பு அடங்கும், ஆளும் அசந்து தூங்கிப்போவார். தொழிலாளர்கள் அதற்கு வைத்த பெயர் தூக்க ஊசி. வெயில் காலத்தில் சும்மாவே கையைச் சொறிந்துகொண்டு வந்து நிற்கிற கேடிகளும் உண்டு. "சிஸ்டரம்மா, ஒடம்பு பூரா பேஜாரா கீது, ஒரு தூக்க ஊசி போடேன்" என்பார்கள். விரட்டிவிடுவேன்.

ஊசி போட்டவர்களுக்காக ஜன்னலோரம் ஒரு பெஞ்சு இருந்தது. படுக்க வைத்து, வெயில் விழாமல் ஜன்னலில் ஈரத் துண்டு ஒன்றைத் தொங்கவிடுவேன். அதற்கப்புறம் அறையில் யாரும் பேசக் கூடாது. ஆள் தூங்கிவிட்டால் மருந்து பிடித்துவிட்டது என்று அர்த்தம். இதை எந்த டாக்டரும் சொல்லவில்லை, நாங்களாகவே ஏற்படுத்திக்கொண்ட பழக்கம். அப்படித் தூங்கி எழுந்து, டீ குடித்துவிட்டுப் போனவர்கள் எத்தனையோ பேர்.

அன்று புதன்கிழமை, காலை பத்து மணி இருக்கும். கடற்காற்றில் எங்கள் குழாய்களெல்லாம் துருப்பிடித்துக்கொண்டே இருக்கும். அதைச் சுரண்டுவதற்கென்றே வருஷம் முழுக்க ஆட்கள் இருந்தார்கள். அவர்களில் ஒருவரை அவரோடு வேலை செய்கிறவர் கைத்தாங்கலாக அழைத்து வந்தார். குழாய்க்கு அடியில் இருந்த குளவிக் கூட்டில் சுத்தியல் பட்டுவிட்டதாம். கழுத்திலும் காதிலும் ஏழெட்டு இடத்தில் கொட்டியிருந்தது. கொட்டிய இடத்தில் யாரோ சுண்ணாம்பைத் தடவியிருந்தார்கள். மார்பு, வயிறு எல்லாம் தடிப்பு. உதடு வீங்கியிருந்தது.

"சிஸ்டரம்மா, தொண்டைல இன்னாவோ அடைக்கிற மாதிரி கீது" என்றார்.

"பயப்படாதீங்க, ஒரு ஊசியில சரியாப் போயிடும்" என்றேன்.

அலமாரியில் அவசரத்துக்கென்று அட்ரினலின் குப்பிகள் இருந்தன. சாவி என் இடுப்பில். அதைப் போட்டால் இதயம் நின்றுவிடும் என்று எங்கோ கேட்டு மிரண்டு போயிருந்தேன். டாக்டர் இல்லாத நாளில் எதற்கு வம்பு என்று எனக்குப் பழகிய ஊசியையே எடுத்தேன்.

கொஞ்ச நேரத்தில் அவர் சொறிவதை நிறுத்தினார். தடிப்பு மங்கியது போலத் தெரிந்தது. கண் சொருகியது. எனக்குத் திருப்தியாக இருந்தது, அதை இப்போது சொல்லவே கூசுகிறது. கூட வந்தவர் தலைமாட்டில் உட்கார்ந்து கன்னத்தைத் தட்டிக்கொண்டிருந்தார்.

"மாமு, இன்னா மாமு, கண்ணத் தொற." அப்புறம் என்னைப் பார்த்து, "சிஸ்டரம்மா, ஒடம்பு சில்லுனு கீது. வேர்த்துகினே கீது" என்றார்.

"மருந்து வேலை செய்யுது. எழுப்பாதீங்க, தூங்கட்டும்" என்று அதட்டி அவரை வெளியே அனுப்பினேன்.

அனுப்பிவிட்டு மேஜைக்குப் போய் ரெஜிஸ்டரில் எழுதினேன். குளவி கொட்டியது. ஊசி போடப்பட்டது. நோயாளி தூங்குகிறார். என் கையெழுத்து மணிமணியாக இருக்கும்.

அடுத்து வந்த ஒருவருக்கு விரலில் கட்டுப் போட்டுவிட்டுத்தான் பெஞ்சைத் திரும்பிப் பார்த்தேன். உதடு நீலம் பாரித்திருந்தது. மணிக்கட்டில் நாடி அகப்படவில்லை. அலமாரியைத் திறந்து, குப்பியை உடைத்து அட்ரினலினைப் போட்டேன். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேனில் ஏற்றினோம். தண்டையார்பேட்டை தாண்டுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

வெள்ளிக்கிழமை டாக்டர் ரெஜிஸ்டரைப் படித்தார். என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

"நீ போட்டது அரிப்புக்கும் தடிப்புக்கும்தான்மா. மூச்சு அடைக்குதுன்னா அது கேக்காது. மொதல்ல அட்ரினலின், அதுவும் உடனே. மத்ததெல்லாம் அப்புறம். அதோட, இந்த ஊசி போட்டு ஒருத்தன் கண்ணை மூடினா தூங்கறானா மயங்கறானான்னு நாடியப் பிடிச்சுப் பாக்கணும்" என்றார்.

அதற்குப் பிறகு என் அறையில் நான் யாரையும் தூங்கவிடவில்லை. ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தரம் நாடி பார்த்தேன், பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருந்தேன். அட்ரினலினை அலமாரியிலிருந்து எடுத்து மேஜைமேல் வைத்தேன். முதுகுக்குப் பின்னால் வாயாடி சிஸ்டர் என்று சொல்வார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும்.

ஒரு மாதம் கழித்து, இறந்துபோனவருடைய மனைவி ஏதோ காகிதத்தில் கைநாட்டு வைக்க ஆபீசுக்கு வந்தவர், விசாரித்துக்கொண்டு என் அறைக்கும் வந்தார். அந்தப் பெஞ்சிலேயே உட்கார்ந்தார். அதை எடுத்துப் போடச் சொல்ல எனக்கு அதுவரை தைரியம் வரவில்லை.

"தூக்கத்துலயே பூட்ச்சாமே" என்றார்.

நான் மேஜைமேல் இருந்த ரெஜிஸ்டரை மூடி வைத்தேன்.

"அதுக்கு மின்னாடி உங்களாண்ட இன்னாவாச்சும் சொல்லிச்சா?"

தொண்டை அடைக்கிறது என்று சொன்னார் என நாக்கு நுனிவரை வந்தது. "இல்லம்மா, ஒண்ணும் சொல்லல" என்றேன்.

அவர் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"அது எப்பவுமே அப்டித்தான் சிஸ்டரம்மா. இன்னா நோவு வந்தாலும் வாயத் தொறந்து சொல்லாது. சொல்லியிருந்தா நீங்க காப்பாத்திருப்பீங்க."

நான் ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.