பீலிக்கரை நீலக்குருவி

தலையில் வைத்த வாளி ஒவ்வோர் அடிக்கும் தளும்பி, பனி மாதிரி குளிர்ந்த தண்ணீர் காதோரமாக வழிந்து, கழுத்தைத் தொட்டு, சட்டைக்குள் புகுந்து, முதுகின் நடுவே ஒரு கோடாக இறங்கும். குளிருக்கு உடம்பைச் சிலிர்த்தால் இன்னும் கொஞ்சம் சிந்தும், சிந்தினால் இன்னொரு நடை நடக்க வேண்டும் என்பதால் பல்லைக் கடித்துக்கொண்டு படியேறுவேன். அப்போது எனக்கு ஒன்பது வயது. ஐம்பதுகளின் கடைசியில், இலங்கை மலைநாட்டில் மஸ்கெலியாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில், பங்குனி வெயிலுக்கு ஓடைகள் சுண்டிப்போன ஒரு காலத்தில், மூன்று வாரம் நான் இப்படி நனைந்ததற்குக் காரணம் என் உள்ளங்கைக்குள் அடங்கிவிடக்கூடிய ஒரு குருவி. இல்லை, குருவியைக் குற்றம் சொல்வது நியாயமில்லை. அதற்கு ஒன்றும் தெரியாது. தெரிந்தவர்கள்தான் வாயைத் திறக்கவில்லை.

தோட்டத்து ஆட்களுக்கான வரிசை வீடுகளைத்தான் லயம் என்போம்; எங்கள் லயத்தில் குடும்பத்துக்கு ஓர் அறையாகப் பன்னிரண்டு "காம்பரா". பின்பக்கம் இருபது எட்டு எடுத்து வைத்தால் "பீலி". மலையிடுக்கில் கசிகிற ஊற்றை ஒரு தகரக் குழாயில் பிடித்துக் கீழே விழவைத்திருப்பார்கள். அதில்தான் பன்னிரண்டு குடும்பமும் குடிக்க, குளிக்க, பானை கழுவ எல்லாம். பீலிக்குப் பின்னால் பாசி படர்ந்த மண் சுவர். அந்தச் சுவரில், பெரணிச் செடிக்குக் கீழே இருந்த ஒரு குழியில், பாசியைக் கொண்டே ஒரு கிண்ணம் மாதிரி கூடு கட்டி ஒரு சோடிக் குருவி குடியிருந்தது. சாம்பல் கலந்த நீலம், வயிற்றுப் பக்கம் வெளிறல், நெற்றியில் மட்டும் கொஞ்சம் பளிச்சென்ற நீலம். அதற்கு வேறு பேர் இருந்திருக்கலாம். எங்களுக்கு அது வெறும் "நீலக்குருவி". பெண்கள் சாம்பல் போட்டுப் பானை தேய்க்கிற சத்தத்திலும், பிள்ளைகள் குளிருக்குக் கத்துகிற கத்தலிலும், கொழுந்துக் கூடைகளை நனைத்து அடிக்கிற அடியிலும்தான் அது கூடு கட்டியது. ஒருவரும் அதைத் தொடவில்லை. ஒருவரும் அதைப் பெரிதாகப் பார்க்கவுமில்லை.

பெரிதாகப் பார்த்தவர் என் அப்பா. அவர் தோட்டத்தை நடத்துகிற வெள்ளைக்காரத் துரையின் பங்களாவில் பூந்தோட்ட வேலை செய்தார். துரையின் மனைவிக்கு, அதாவது "தொரசாணிக்கு", பறவைப் பைத்தியம். கழுத்தில் தூரக்கண்ணாடியும், மூன்று கால் வைத்த கமராவுமாக அந்த அம்மா பதனைப் புல்வெளியிலும் காட்டோரத்திலும் சுற்றிக்கொண்டிருப்பார். ஒருநாள் ரோசாச் செடிக்கு மண் அணைத்துக்கொண்டிருந்த அப்பா, அந்த அம்மாவின் முகத்தில் ஒரு சந்தோசத்தைப் பார்த்துவிட வேண்டும் என்ற ஆசையில், எங்கள் பீலிக்கரையில் கூடு இருக்கிற கதையைச் சொல்லிவிட்டார். யாரும் கேட்கவில்லை, அவராகச் சொன்னார். இத்தனை வருசம் கழிந்தும் அதை நினைத்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

மறுநாளே தொரசாணி வந்தார். பீலிக்கு முன்னால் குனிந்து பார்த்து, கன்னத்தில் கைவைத்துக்கொண்டு, அப்பாவிடம் ஏதோ மெதுவாகச் சொல்லிவிட்டுப் போனார். அதற்கு மறுநாள் "பெரட்டில்", அதாவது காலையில் ஆட்களை வரிசையாக நிறுத்தி வேலை பிரிக்கிற இடத்தில், வேலையை மேற்பார்க்கிற கண்டாக்கையா உத்தரவு போட்டார்.

"மேல் லயத்துப் பீலிப் பக்கம் இனிமே ஒருத்தரும் போகக்கூடாது. குஞ்சு பறக்கிற வரைக்கும் கீழ் லயத்துப் பீலியில தண்ணி புடிச்சுக்கங்க. தொரசாணி உத்தரவு. மீறுனா வேல இல்ல."

காவலுக்கு யார்? அப்பாதான். விடிந்ததிலிருந்து பொழுது சாய்கிற வரைக்கும், தன் சொந்தப் பெண்சாதியும் பிள்ளையும் தண்ணீர் எடுக்கிற இடத்தில் அவர்களையே விடாமல் தடுத்து நிற்கிற உத்தியோகம். கூட்டுக்கு எதிரே நான்கு கம்பை நட்டு, பழைய சாக்குப் "படங்கு"களைத் தைத்துப் போர்த்தி ஒரு கூடாரம் போட்டார்கள். காலையில் வெயில் மண் சுவரில் விழுகிற நேரத்துக்கு தொரசாணி வந்து அதற்குள் உட்கார்ந்து, சாக்கு ஓட்டை வழியாகக் கமராவை நீட்டுவார். அவர் போன பிறகும் அப்பா அசையமாட்டார்.

எங்கள் மேல் லயத்திலிருந்து கீழ் லயத்துக்குச் செங்குத்தான கல்படி. காலையில் பெரட்டுக்குத் தப்பு மேளம் அடிக்கும் முன்னே இரண்டு நடை, மதியத்தில் ஒரு நடை, கொழுந்து நிறுத்துவிட்டு வந்தபின் இரண்டு நடை. பங்குனியில் அங்கேயும் தண்ணீர் நூலாகத்தான் விழுந்தது. "ஒங்க குருவிக்கு நாங்க எதுக்குக் காத்துக் கெடக்கணும்?" என்று கீழ் லயத்துக்காரர்கள் குடத்தை நகர்த்தி வைப்பார்கள், எங்கள் பக்கத்துக் காம்பராக் காத்தாயி அக்கா அவர்களோடு மல்லுக்கு நிற்பாள். எல்லாம் முடிந்து நான் பள்ளிக்கூடம் போய்ச் சேர்வதற்குள் மணி அடித்துவிடும். குருவியினால் பிந்திவிட்டது என்று சொன்ன முதல் நாள் வாத்தியார் நம்பவில்லை, வெளியே நிறுத்தினார். இரண்டாம் நாளிலிருந்து நான் காரணம் சொல்வதை விட்டுவிட்டேன்.

இதில் ஆக எரிச்சலான விசயம், அப்பாவுக்கு அந்த வேலை பிடித்துப்போனது. சாயங்காலம் ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே ஆரம்பிப்பார்.

"மூணு குஞ்சு. இன்னைக்குத்தான் கண்ணு தொறந்துச்சு. ஆணும் பொண்ணும் மாறி மாறிக் கொண்டாருதுங்க. காலையில மட்டும் முப்பது தடவ எர கொண்டாந்துச்சு. நான் எண்ணுனேன்."

அம்மா அடுப்பில் ஊதிக்கொண்டிருந்த குழலைக் கீழே வைத்தாள். "நாங்க எத்தன தடவ ஏறி எறங்குனோம், அத எண்ணுனீங்களா?"

அப்பா இன்னொரு துண்டு ரொட்டியைப் பிய்த்தார். "மழ வந்தா பாவம், கூட்டுக்குள்ள தண்ணி எறங்கிரும்" என்றார். அம்மா எழுந்து, இடுப்பில் தம்பியைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டாள். எங்கள் காம்பராக் கூரையும் நான்கு இடத்தில் ஒழுகியது.

மூன்றாவது வாரம், ஒரு சனிக்கிழமை காலை, மூடுபனி இறங்கியிருந்தது. கீழ்ப் பீலிக்கு இறங்குகிற கல்படியில் அம்மா முன்னால், நான் பின்னால். அவள் இடுப்பில் பித்தளைக் குடம். எங்களுக்கு முன் போனவர்கள் சிந்திய தண்ணீரில் கல் வழுக்கிக் கிடந்திருக்க வேண்டும். குடம் படியில் மோதி உருண்டு போகிற "ணங் ணங்" என்ற சத்தம்தான் எனக்கு முதலில் கேட்டது. நிமிர்ந்து பார்த்தால் அம்மா படியில் உட்கார்ந்திருந்தாள். வலது கையை இடது கையால் பிடித்துக்கொண்டு, அழாமல், "கொடம் போச்சா பாரு, கொடம் போச்சா பாரு" என்று என்னை விரட்டினாள். குடம் கீழே தேயிலைத் தூரில் சிக்கி நின்றது. அம்மாவின் மணிக்கட்டு பார்க்கச் சகிக்காமல் திரும்பியிருந்தது.

தோட்டத்து மருந்துக்காரர் மூங்கில் பத்தை வைத்துக் கட்டினார். ஒரு மாதத்துக்குக் கொழுந்து எடுக்கக் கூடாது என்றார். கொழுந்து பறிக்க இரண்டு கையும் வேண்டும். அவருக்கும் தெரியும், அம்மாவுக்கும் தெரியும். அன்று மாலை அப்பா வந்து கட்டுப்போட்ட கையைப் பார்த்தார். குருவியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அடுப்பு மூட்டினார், மாவு பிசைந்தார், தம்பிக்கு ஊட்டினார். அம்மா நெளிந்த குடத்தை இடது கையால் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. பெரட்டு இல்லை. வெயில் ஏறி, தொரசாணி சாக்குக் கூடாரத்துக்குள் போய் உட்கார்ந்த பிறகு, அம்மா என்னைக் கூப்பிட்டு நெளிந்த குடத்தை என் கையில் கொடுத்தாள். "நட" என்றாள். கீழ்ப்படிப் பக்கம் திரும்பினேன். "அங்கிட்டு இல்ல. நம்ம பீலிக்கு."

காத்தாயி அக்கா பார்த்தாள். தன் வாளியை எடுத்தாள். லயத்துக் கடைசிக் காம்பரா போய்ச் சேர்வதற்குள் எங்களுக்குப் பின்னால் ஏழெட்டுப் பெண்கள். வாளிப் பிடிகள் கிறீச்சிட்டன.

அப்பா இரண்டு கையையும் விரித்துக்கொண்டு ஓடிவந்தார். "வேணாம் மீனாச்சி. தொரசாணி உள்ள இருக்காங்க. குருவி பயந்து போயிரும்."

"எது பயந்துச்சு?" என்றாள் அம்மா. "நாங்க பானை தேய்க்கையில, சண்ட போடையிலதானே கூடு கட்டுச்சு? நாங்க இருக்கையிலதானே முட்டையிட்டுச்சு? இந்தப் பேய்க் கூடாரத்தப் பாத்துத்தான் அது பயப்படுது."

சாக்கு விலகியது. தொரசாணி வெளியே வந்தார். முகம் வெயிலுக்குச் சிவந்திருந்தது. தோட்டத்துத் துரைமார் பேசுகிற அந்தத் துண்டு துண்டான தமிழில், "என்ன சத்தம்?" என்றார். பிறகு அம்மாவின் கட்டைப் பார்த்தார். "கை என்ன?"

அம்மா அப்பாவைத் திரும்பியும் பார்க்காமல் சொன்னாள். "விழுந்துட்டேங்க. கீழப் பீலிக்குப் போய். நீங்கதான் எங்களுக்கு இங்க தண்ணி கூடாதுன்னீங்க."

தொரசாணி விளங்காமல் நின்றார். மெதுவாக அப்பாவிடம் திரும்பினார். "நான் கூடு தொட வேணாம் சொன்னேன். நான் உள்ளே இருக்கும்போது, கொஞ்ச நேரம், சத்தம் வேணாம் சொன்னேன். தண்ணி வேணாம் யார் சொன்னது?"

யார் சொன்னது? தொரசாணி ஒரு சாண் கேட்டிருக்கிறார்; அது துரையிடம் போய் முழமாகி, கண்டாக்கையாவிடம் வந்தபோது பீலியே மூடிப்போய்விட்டது. நாங்கள் கல்படி ஏறி இறங்கியது அவருக்குத் தெரியவே தெரியாது. மூன்று வாரமாக அவருக்குப் பக்கத்தில், கைநீட்டினால் தொடுகிற தூரத்தில் நின்றவர் என் அப்பா.

"ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல?" என்று அம்மா அவரிடம் கேட்டாள். அதில் கோபம்கூட இல்லை; அலுப்புத்தான் இருந்தது.

"கேட்டா வேல போயிருமோன்னு..." என்றார் அப்பா.

அந்த நேரத்தில்தான் குருவி வந்தது. இத்தனை பேர் நிற்கிறோம். ஏழெட்டு வாளி, ஒரு குடம். தகரக் குழாயின் மேல் உட்கார்ந்து, வாயில் ஒரு பச்சைப் புழுவோடு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்து, விர்ரென்று கூட்டுக்குப் போனது. மூன்று வாய்கள் திறந்தன. தொரசாணி மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு கமராவை அப்படியே கால்களோடு தூக்கி வெளியே கொண்டுவந்து நிறுத்தினார். அம்மா பீலிக்குப் பக்கத்தில் நின்றதால் அவளைக் கையால் காட்டி, தள்ளி நிற்கும்படி சைகை செய்தார். அம்மா தள்ளி நின்றாள். குருவி மறுபடி வந்தது. "கிளிக்".

அப்பா என் கையிலிருந்த குடத்தை வாங்கி, பீலியின் கீழே வைத்து, நிறைகிற வரைக்கும் குனிந்த தலை நிமிராமல் நின்றார்.

பத்து நாளில் குஞ்சுகள் பறந்துவிட்டன. கூடாரத்தைப் பிரித்தார்கள். தொரசாணி அனுப்பியதாகக் குருவியின் படம் ஒன்று வந்தது. கறுப்பு வெள்ளைப் படம், நீலம் தெரியாது. அப்பா அதைச் சாமி படங்களுக்குப் பக்கத்தில் மாட்டப்போய் அம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார்: "முருகனுக்குப் பக்கத்துல குருவியா? எடுங்க அத." கதவோரத்தில் மாட்டினார். இரண்டு மழைக்காலத்தில் கூரை ஒழுக்கில் அது பூசணம் பிடித்து ஒட்டிப்போனது.

அம்மாவின் மணிக்கட்டு கோணலாகத்தான் கூடியது. கொழுந்து எடுத்தாள், ஆனால் கையைப் பின்னுக்குத் தூக்கிக் கொண்டை போட முடியவில்லை. நான் போட்டுவிடுகிறேன் என்றபோது அப்பா விடவில்லை. ஒவ்வொரு நாளும் தப்புச் சத்தம் கேட்டதும் அவளுக்குப் பின்னால் முழங்கால் போட்டு உட்கார்ந்து, மண் வெட்டித் தடித்த விரல்களால் முடியைச் சுருட்டிக் கட்டிவிடுவார். முதல் மாதம் அது கொண்டையாகவே இருக்கவில்லை. பெரட்டில் எல்லோரும் சிரித்தார்கள். "இறுக்கிக் கட்டுங்க, அவுந்துரும்" என்று அம்மா ஒவ்வொரு நாளும் சிடுசிடுப்பாள். தம்பிக்கு ஆறு வயதாக இருக்கும்போது, நெஞ்சுச்சளி முற்றி அம்மா போனாள். கடைசியாகக் கொண்டை போட்டுவிட்டதும் அவர்தான்.

இப்போது நான் ஹட்டன் நகரத்தில் இருக்கிறேன். போன வருசம் அந்தத் தோட்டத்துக்குப் போனேன். லயம் அப்படியே நிற்கிறது, அதே பன்னிரண்டு காம்பரா. அது போயிருக்க வேண்டும், போகவில்லை. பீலிதான் இல்லை. ஊற்று வற்றிவிட்டதாம், பிளாஸ்டிக் தண்ணீர்த் தாங்கி ஒன்று வைத்திருக்கிறார்கள். பாசிச் சுவரைச் சீமெந்தால் பூசிவிட்டார்கள். துரைமார், தொரசாணிமார், அந்தச் சாக்குக் கூடாரம், காத்தாயி அக்காவின் சண்டை, ஒன்றும் இல்லை. மூன்று வாரம் எங்கள் வாசலில் ஒரு கமரா நின்றது; சுருள் சுருளாக அதில் படம் எடுத்தார்கள்; அம்மாவை எடுத்த படம் ஒன்றுகூட உலகத்தில் இல்லை.

தம்பிக்கும் தலை நரைத்துவிட்டது. எப்போதாவது வந்து உட்கார்ந்து, "அம்மா எப்படிக்கா இருந்தாங்க?" என்று கேட்பான். நான் சொல்லத் தொடங்குவேன். ஒவ்வொரு முறையும் வேறு முகமாக வருகிறது. அவனுக்கும் அது தெரிகிறது, எனக்கும் தெரிகிறது. குருவியைக் கேட்டால் மட்டும் நெற்றி நீலம் வரைக்கும் பிசகாமல் சொல்லிவிடுவேன்.