புதுக் கொம்பியூட்டரில் நாலு பேர்

இன்றைக்குப் பின்னேரம் பழைய கொம்பியூட்டரைத் தூக்கிக்கொண்டு வெள்ளவத்தை காலி வீதியில இருக்கிற கடைக்குப் போனனான். வழியில் சோதனைக்கு ஆட்டோவை மறிச்ச ஆமிக்காரர், கொம்பியூட்டரின்ர மூடியையும் கழட்டிப் பார்த்துத்தான் விட்டினம்.

கடையில் இருந்தவர் கொட்டாஞ்சேனைக்காரர். பழசில் இருந்த பைல்களைப் புதுசுக்கு மாத்தத் தொடங்கினவர், திரும்பிக் கேட்டார்.

"மிஸ், இதில அம்மா, அக்கா, தம்பி, நீங்க என்று நாலு பேருக்கும் தனித்தனியா எக்கவுண்ட் போட்டிருக்கு. புதுசுலயும் நாலு பேரும் வேணுமா?"

அக்கா கலியாணம் முடிச்சு லண்டன் போய்க் கனகாலம். போன வருசம் ஆமியின்ர சுற்றிவளைப்பில் தம்பியைப் பிடிச்சுக்கொண்டு போய், பிறகு விட்ட கையோடு, அம்மா அவனையும் கூட்டிக்கொண்டு அங்கேயே போயிட்டா. எனக்கு இங்கே வேலை. நான் நிக்கிறன்.

தம்பியின் பாஸ்வேர்ட் எனக்குத் தெரியாது. லண்டனுக்குப் போன் எடுத்தன்.

"என்ர பேரை அழிச்சுவிடு சின்னக்கா. நான் இனி அங்க வரப்போறேல்லைத்தானே."

சாதாரணமாகத்தான் சொன்னான்.

"பாஸ்வேர்டைச் சொல்லடா" என்றன். சொன்னான்.

"நாலு பேரையும் போடுங்கோ" என்று கடைக்காரரிடம் சொன்னன்.

வீட்டுக்கு வந்து போட்டுப் பார்த்தன். திரையில் நாலு பேரும் வரிசையாக நிக்கினம். என்ர பேரை அமத்தினன். மற்ற மூன்று பேரும் மறைஞ்சு போச்சினம்.

இதை வாசிக்கிறவையில், வெளிநாடு போகாமல் வெள்ளவத்தையில் இன்னும் மிச்சம் இருக்கிறவை ஒருக்காக் கை தூக்குங்கோ. ஐந்தாவதா ஒரு பேர் போட இடம் இருக்கு.