கடலைக்கொல்லையிலிருந்து ஒரு குரல்

ரேணுகாம்பாள் 1989இல் திருவண்ணாமலையில் ஒரு பெண்கள் பள்ளிக்குப் பாட்டு டீச்சராக வந்தார். கடவுள் வாழ்த்து, ஆண்டு விழாப் பாட்டு என்று பிறர் போட்ட மெட்டுகளையே சொல்லிக்கொடுத்தார். சொந்தமாக ஒன்று போடும் ஆசை, ஏழெட்டு வருஷம் கழித்து ஒரு சிறுபத்திரிகைக் கவிதையைப் படித்தபோதுதான் வந்தது. எழுதியவர் மின்வாரியத்தில் வேலை பார்க்கும் கீழ்பென்னாத்தூர் இருசப்பன்.

வேன் கிளம்பியது.
கடலைக்கொல்லையிலிருந்து
மெல்ல ஒரு குரல்,
என் பெயர் மாதிரி.
நான் திரும்பவில்லை.
புழுதிதான் திரும்பிப் பார்த்தது.

ஆதி தாளத்தில் உட்கார வைத்துப் பார்த்தார். வரிகள் அடங்கவில்லை. இட்டு நிரப்பச் சொல் சேர்த்தால் கவிதை கெட்டது. கடைசியில் தாளத்தையே விட்டுவிட்டு, சோகம் ததும்பும் சுபபந்துவராளி ராகத்தில் விருத்தம்போலப் பாடினார். ‘மெல்ல ஒரு குரல்’ என்ற வரியைக் கீழே இறக்கி, கேட்டும் கேட்காததுமாக வைத்தார். அந்த இடம் அவருக்கே பிடித்துப்போனது.

ஊரில் நடக்கவிருந்த ஓர் இலக்கியக் கூட்டத்தில் அதைப் பாடுவதற்கு முன் கவிஞருக்குக் காட்ட வேண்டும் என்று இருசப்பனை வீட்டுக்கு அழைத்தார். அவர் மனைவி எல்லம்மாளும் வந்தார். பாட்டு முடிந்ததும் இருசப்பன் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“பாட்டு நல்லா இருக்குது டீச்சர். ஆனா நான் எங்க மெல்லக் கூப்பிட்டேன்?” என்றார் எல்லம்மாள்.

“கூப்பிட்டது நீங்களா?”

“வேற யாரு? மொதமொதல்ல மெட்ராசுக்கு வேலைக்குப் போறாரு, சோத்து டப்பாவ வச்சிட்டுப் போயிட்டாரு. ஏங்க, ஏங்கன்னு கத்திப் பார்த்தேன். அப்புறம் பேரச் சொல்லியே கூவிட்டேன். கொல்லையில இருந்தவங்கல்லாம் சிரிச்சாங்க.”

ரேணுகாம்பாள் யோசித்தார். பிறகு அதே வரியை மேல் ஸ்தாயியில், கூவுகிற மாதிரியே பாடிப் பார்த்தார்.

“மெல்லன்னு எழுதியிருக்கேனே டீச்சர்,” என்றார் இருசப்பன். “வேன் சத்தத்துல எனக்கு அப்படித்தான் கேட்டுச்சு.”

எல்லம்மாள் அவர் பக்கம் திரும்பினார். “அப்போ, கேட்டுச்சா? கேட்டும் திரும்பலையா?”

“திரும்பினா இறங்கிடுவேனோன்னு பயம்.”

ரேணுகாம்பாள் எழுந்து போய் காபி போட்டார்.

கூட்டத்தில் அந்த வரியை இரண்டு தடவை பாடினார். முதலில் எல்லம்மாள் கூவியபடி, பிறகு இருசப்பனுக்குக் கேட்டபடி. பாட்டு முடிந்ததே பலருக்குத் தெரியவில்லை. கைதட்டல் தாமதமாகத்தான் வந்தது. முன்வரிசையில் இருந்த எல்லம்மாள் மட்டும், “இப்போ சரியா இருக்குது” என்று பக்கத்திலிருந்தவரிடம் சொன்னார்.

அடுத்த பத்து வருஷத்தில் ரேணுகாம்பாள் இன்னும் சில கவிதைகளுக்கு மெட்டுப் போட்டார். ஒவ்வொரு முறையும், இது யாருக்கு நடந்தது என்று முதலில் விசாரித்துக்கொண்டார்.