ஹோல்டில் இருந்த மாப்பிள்ளை

நதியாவின் வீட்டில் பீரோ இருக்கிறது. அதைத் திறப்பவர்தான் இல்லை. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் ஃபைல் ரூம் அவள் பொறுப்பு. வருடா வருடம் பழைய காகிதங்களை எடைக்குப் போடும்போது காலியாகும் அட்டைப் பெட்டிகளை மேனேஜரிடம் கேட்டு வாங்கி, டவுன் பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்துவிடுவாள். கரண்ட் பில் முதல் கம்பளி வரை எல்லாம் பெட்டிக்குள் போய்விட்டன. உள்ளே இருப்பது திறக்காமலே தெரிய வேண்டும் என்பது கம்பெனி வழக்கம்; அதனால் ஒவ்வொன்றின் முகப்பிலும் தடித்த எழுத்தில் ஒரு லேபிள். கணவர் கன்னையனின் சட்டைகளில் தொப்பைக்குப் பத்தாதவை 'ரிஜெக்ட்' பெட்டியில் கிடந்தன. அந்த மனுஷன் அதைக் கடந்து போகும்போதெல்லாம் வயிற்றை எக்கிக்கொள்வார்.

இதெல்லாம் சிரிப்போடு போயிருக்கும். மகள் பிரியங்காவுக்கு வரன் பார்க்க ஆரம்பித்ததும் ஜாதகங்களும் பெட்டிக்குள் போனதுதான் வினை. ஜாதகங்களுக்கென்று வைத்த ரிஜெக்ட் பெட்டி சீக்கிரமே நிறைந்தது. ஒருவனுக்குச் சம்பளம் குறைச்சல், ஒருவனுக்கு மீசை அதிகம். வெள்ளகோவில் பிரபாகரிடம் மட்டும் நதியாவால் ஒரு குறையும் கண்டுபிடிக்க முடியவில்லை. ஜாதகம் பொருந்தியது, போனில் பேசிப் பார்த்த பிரியங்காவுக்கும் பிடித்துப்போயிற்று. நதியா அவனை, முடிவு சொல்லாமல் நிறுத்தி வைக்கும் 'ஹோல்ட்' பெட்டியில் வைத்து மூடினாள். கேட்டால், "பாக்கலாம், பாக்கலாம்" என்பாள். பொறுத்துப் பொறுத்துப் பார்த்த கன்னையன், தானே போன் போட்டு அவர்களை வரச் சொல்லிவிட்டார்.

பிரபாகரும் அவன் அம்மா மருதாளும் வந்தார்கள். கணவரை இழந்த மருதாளுக்கு அவன் ஒரே பிள்ளை. நாற்காலி போட்டாயிற்று, காப்பி வைக்க ஸ்டூல் இல்லை. கன்னையன் உள்ளே ஓடி, கைக்கு அகப்பட்ட பெட்டியைத் தூக்கி வந்து அவர்கள் முன்னால் போட்டு, அதன்மேல் தட்டை வைத்தார். மருதாள் முறுக்கு எடுக்கக் குனிந்தார். குனிந்தவர் நிமிரவில்லை. எழுத்துக் கூட்டி வாசித்தார்.

"மாப்பிள்ளை ஜாதகம். பிரபாகர், வெள்ளகோவில். ஹோல்ட்."

கன்னையன் முகத்தில் ஈயாடவில்லை. பிரபாகர் எடுத்த முறுக்கைத் தட்டிலேயே திருப்பி வைத்தான். கதவோரம் நின்ற பிரியங்காவுக்கு அழுகை முட்டியது. இந்தச் சம்பந்தம் இன்றோடு போச்சு என்றே நினைத்தாள்.

"நானும் பனியன் கம்பெனியில துணி செக்கிங்ல இருந்தவதானுங்க," என்றார் மருதாள். "ஹோல்ட்ல போட்டா காரணம் எழுதோணுமே? இங்க காணமுங்களே. எம்பையங்கிட்ட என்ன கொறைங்க?"

லேபிளில் காரணம் எழுதும் கட்டம் காலியாகத்தான் இருந்தது. ஃபைல் ரூமில் நதியா ஒருநாளும் அப்படி விட்டதில்லை. ஏதாவது பொய் சொல்லத்தான் வாயெடுத்தாள். வந்தது வேறு.

"கொறை ஒண்ணுமில்லீங்க. புள்ள போயிட்டா ஊடு வெறிச்சோடிப் போயிருமுங்க. அதை எப்புடீங்க எழுதறது?" என்றவள் அழுதே விட்டாள்.

மருதாள் நாற்காலியை நதியா பக்கம் நகர்த்திப் போட்டார்.

"இவனுக்கு வேலை இங்க திருப்பூர்லதானுங்க. இப்ப ஊட்டுல இருந்து போயிட்டு வர்றான், கட்டிக்கிட்டு ரெண்டு பேரும் இங்கதான் ஊடு எடுத்து இருக்கப் போறாங்க. ஞாயித்துக்கெழம ஆனா உங்க புள்ள உங்கூட்டுல வந்து நிக்கும். வெள்ளகோவில்ல ஒத்தையில ஒக்காந்திருக்கப் போறது நானுங்க. நான் யாரைப் புடிச்சு ஹோல்ட்ல போடறது?"

சிரிப்பதா அழுவதா என்று யாருக்கும் தெரியவில்லை. கன்னையன் மட்டும், லேபிள் சுவர்ப்பக்கம் போகட்டும் என்று பெட்டியைக் காலால் மெல்லத் திருப்பப் பார்த்தார். தட்டு ஆடியதும் விட்டுவிட்டார். நதியா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். மருதாளின் காப்பி தொடாமலே ஆறிப்போயிருந்தது.

"குடுங்க, சூடு பண்ணிக் கொண்டாறேன்," என்று டம்ளரை எடுத்தாள். "வந்தது வந்தீங்க, இன்னைக்கு இங்கயே தங்கிட்டு நாளைக்குப் போங்க, சம்மந்தி."